நூற்று இருபது மீட்டரில் காற்று

வண்டியின் பின்பக்கம் மூன்று டப்பாக்கள்.

ஒன்றில் இருபத்திரண்டு. மெதுவான தோட்டா,
ஆட்டின் தும்மலைவிடச் சத்தம் குறைவு,
ஐம்பது மீட்டருக்குள் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஒன்றில் பதினேழு. பென்சில் கூர் அளவு,
மூக்கில் சிவப்புப் பிளாஸ்டிக்.
விலை மூன்று மடங்கு.
காற்றில்லாத நாளில் அதற்கு ஈடில்லை.
மனியோடோட்டோவில் காற்றில்லாத நாள்
செப்டம்பரில் மூன்றோ நான்கோ.

மூன்றாவது லாக்லன் கெடஸுடையது,
இருநூற்று இருபத்துமூன்று.
நகத்தால் கிள்ளுவதற்குக் கோடாரியா என்பேன்.
"கோடாரி பட்டது எழுந்து ஓடாது, ஐலின்"
என்பான், தேநீரை ஊதியபடி.
அவன் சுட்டதில் பொறுக்கி எடுக்க எதுவும் மிஞ்சாது.
நாய்த் தீனிக்காரர் வாங்குவதோ
தலையில் பட்ட முயலை மட்டும்.

பண்ணைக்காரி மாய்ராவிடம் வேறு கணக்கு:
பத்து முயல் தின்றால் ஒரு ஆட்டின் மேய்ச்சல்.
அவள் மேட்டு வயலில் ஆடுகளைவிட முயல்கள் அதிகம்.
புல் போன இடத்தில் தைமும் முள்ரோஜாவும்.
மண் தன் எலும்பைக் காட்டத் தொடங்கியிருந்தது.

பக்கவாட்டில் நின்றால்
கண்ணுக்கும் காதின் அடிக்கும் நடுவே.
நேரே பார்த்து உட்கார்ந்திருந்தால் நெஞ்சுக்குழி.
முதுகு காட்டினால் காத்திரு,
வாயால் முத்தமிடுவதுபோல் ஓசை எழுப்பு, திரும்பும்.
திரும்பாவிட்டால் விடு.
இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.
இதற்குப் பதினொரு வருஷம் ஆனது.

அன்று மாலை ஐந்து பத்து.
நூற்று இருபது மீட்டர், பக்கவாட்டில்,
பாறை ஓரம், காதில் வெயில் ஊடுருவி
இளஞ்சிவப்பாய் ஒரு முயல்.
என் பக்கத்துப் புல் அசையவில்லை.
அதன் பக்கத்துப் புல்லை நான் பார்க்கவில்லை.

பதினேழு போய்ச் சேரும் வழியில்
காற்று அதை அரைச் சாண் தள்ளியது.
குறி வைத்தது கண்ணுக்குப் பின்னே,
பட்டது இடுப்பில்.

முன்னங்கால்கள் மட்டும் ஓடின.
மீதி உடம்பு பின்னால் வந்தது.

முள்ரோஜாவின் அடியில் வளை.
தோள்வரை கையை விட்டேன்,
முள் கன்னத்தில் எழுதியது.
விரலில் சூடாக ஒரு கால் சிக்கியது.
இழுத்தேன். கழுத்தைத் திருகினேன். சட்டென்று முடிந்தது.
முதலிலேயே முடிந்திருக்க வேண்டியது.

புரட்டியபோது வயிற்று ரோமம் ஈரம்.
ரத்தம் என்று நினைத்தேன்.
பால்.

தாய்முயல் குட்டிகளை வேறு குழியில் வைத்து
வாசலை மண்ணால் மூடிவிட்டுத்தான் மேயப் போகும்.
தெரிந்ததுதான்.
தெரிந்தும் மண்வெட்டி எடுத்து வந்தேன்.
நான்கு இடத்தில் தோண்டினேன்.
லாக்லன் ஒன்றும் கேட்காமல் டார்ச் பிடித்தான்.
ஐந்தாவது இடத்தில் பாறை.
"பனி விழப்போகிறது" என்றான் ஒருமுறை.
அதன் பிறகு அதையும் சொல்லவில்லை.

ஒழிக்கத்தான் கூலி வாங்குகிறேன்.
அந்தக் குட்டிகளும் ஒழிக்க வேண்டிய கணக்கில்தான்.
ஆனால் ஒப்பந்தத்தில் வேலை தோட்டாவுக்கு.
பசிக்கு அல்ல.

குழிகளை மூடிவிட்டு வந்தோம்,
ஆட்டின் கால் சிக்கக் கூடாது என்று.

மறுநாள் காலை வடமேற்குக் காற்று
தகரக் கூரையைப் பிடித்து உலுக்கியது.
லாக்லனிடம் கை நீட்டினேன்.
சிரிப்பான் என்று நினைத்தேன்.
இருபது தோட்டா எண்ணிக் கொடுத்தான்,
பணம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.
நாய்த் தீனிக்காரருக்கு இன்று ஒன்றும் இருக்காது.

நோட்டில் முந்தைய நாளின் பக்கம் காலியாக இருந்தது.
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
கூட்டல் குறி போட்டேன்.
அதற்குப் பின்னால் எண் எழுத
இடம் விட்டிருக்கிறேன்.